"எனக்கு மட்டும் ஏன் இப்படி?": விறாந்தைப் போக்கருக்கு ஒரு பழுதுபார்ப்பு

எங்கள் மேசை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களிலும் போயா (பூரணை) லீவுகளிலும் ஆறு பேர் கூடுவோம். கனகாலமாக அங்கே நடந்தது 304 என்ற சீட்டாட்டம்தான். பிறகு ஒரு முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நின்ற கனடா மச்சான் ரெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையைக் காட்டிக்கொடுத்தார். அவர் திரும்பப் பிளேன் ஏறிவிட்டார். விளையாட்டு இங்கேயே தங்கிவிட்டது. ஆளுக்கு இரண்டு தாள், நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (பிளொப்), பிறகு ஒன்று (ரேர்ன்), கடைசியாக ஒன்று (றிவர்). ஒருவர் கொட்டை வைத்தால் மற்றவர் அதே அளவு கட்டலாம், கூட்டி ஏற்றலாம், அல்லது தாளை வைத்துவிட்டு அந்தக் கையிலிருந்து விலகலாம்.

சில்லுக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. ஆளுக்கு 200 கொட்டை, கொட்டை 5 ரூபா, ஆக 1000 ரூபா. தாள் பார்க்கமுன் முறைவைத்து இருவர் கட்டாயம் போடுகிற பிளைன்டில் சின்னது 1 கொட்டை, பெரியது 2. கொட்டை முடிந்தால் ஒருக்கா மட்டும் திரும்ப வாங்கலாம். கணக்குக் கொப்பி என்னிடம். கணக்கு எழுதுகிறவனிடம்தான் எல்லாரும் முறைப்பாடும் சொல்வார்கள் என்பதால், கொப்பியின் பின்பக்கத்தில் அவற்றையும் எழுதத் தொடங்கினேன். முக்கால்வாசி ஒரே வசனம்தான்: "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை."

அப்படிச் சொல்கிறவரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. கொட்டை குவியலுக்குள் போன நேரத்தில் யாருடைய கை மேலே இருந்தது? உங்களுடையது மேலே இருந்து, பிறகு வந்த தாளால் தோற்றீர்கள் என்றால் அது உண்மையான அதிர்ஷ்டக் கேடு. திருத்த அதில் ஒன்றும் இல்லை, தேத்தண்ணியைக் குடியுங்கள். கீழே இருந்துகொண்டு உள்ளே போட்டீர்கள் என்றால் பழுது உங்களிடம். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைத் தேடிப் பாருங்கள்.

அறிகுறி: ஏஸ் சோடி வந்தாலும் தோற்கிறேன்

கொப்பியில் அதிகம் இருக்கும் முறைப்பாடு இதுதான். முதல் முறைப்பாட்டாளரும் நான்தான்.

எனக்கு இரண்டு ஏஸ். ஆட்களைக் கலைத்துவிடக்கூடாது என்ற பயத்தில் 4 கொட்டைக்கு மட்டும் ஏற்றினேன். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். முதல் மூன்று தாள் கிங், எட்டு, ஐந்து. நான் 10 வைத்தேன், இரண்டு பேர் நின்றார்கள். நாலாவது தாள் ஒன்றுக்கும் உதவாத ஒரு மூன்று. நான் 20 வைக்க, எங்கள் மேசையின் கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு 60 ஆக்கினார். இரண்டு ஏஸ் கையில் இருக்க எப்படித் தாளை வைப்பது? கட்டினேன். அவர் காட்டியது எட்டும் ஐந்தும், இரண்டு சோடி.

"சேர், எட்டு-ஐந்தோட என்னெண்டு வந்தனீங்கள்?"

"தம்பி, பெரிய பிளைன்ட் நான். ரெண்டு கொட்டை ஏற்கெனவே உள்ள. நீர் நாலு எண்டு சொன்னீர். இருபத்திரண்டு கொட்டை கிடக்கிற குவியலுக்கு இன்னும் ரெண்டு கேட்டா ஆர் தாளை வைப்பினம்?"

அவர் சொன்னது கணக்கு. ஏஸ் சோடி தனியொரு ஆளின் ஏதோ இரண்டு தாளோடு கடைசிவரை ஓடினால் நூற்றுக்கு 85 தரம் வெல்லும். இரண்டு பேரென்றால் 73. ஐந்து பேரும் நின்றால் 49, அதாவது பாதிகூட இல்லை. ஐந்து பேரையும் உள்ளே கூப்பிட்டது நான். பிறகு ஏஸைக் குறை சொன்னால் எப்படி?

திருத்தம்: ஏற்றும்போது வலிக்கிற அளவுக்கு ஏற்றுங்கள். ரிவியில் பார்க்கிற ஆட்டங்களில் பெரிய பிளைன்டின் இரண்டு, இரண்டரை மடங்குக்கு ஏற்றுவார்கள். அங்கே அது போதும், ஏனென்றால் எதிரே இருப்பவர்களுக்குத் தாளை வைக்கத் தெரியும். விறாந்தையில் அந்தத் தொகை ஒரு அழைப்பிதழ்தான். எங்கள் மேசையில் 14 கொட்டை என்றால் ஒருவர், மிஞ்சினால் இருவர் வருவார்கள். உங்கள் மேசையின் எண்ணை நீங்களே பிடிக்கவேண்டும்: எத்தனைக்கு ஏற்றினால் ஒருவர் மட்டும் முனகிக்கொண்டு வருகிறாரோ, அதுதான் அளவு. எல்லாரும் தாளை வைத்துவிட்டால் உங்களுக்கு வெறும் 3 கொட்டைதான் கிடைக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஐந்து பேரோடு இழுபட்டு 74 கொட்டையை விடுவதைவிட அது நல்லது.

இரண்டாவது பழுது அதே கையில் இருந்தது. பிளொப்புக்குப் பிறகு ஏஸ் சோடி என்பது ஒரு சோடி, அவ்வளவுதான். வருடம் முழுக்க நாலு தரம் ஏற்றுகிற வாத்தியார் ரேர்னில் மூன்று மடங்காக்கினால், ஏஸாக இருந்தாலும் தாளை வைத்துவிடவேண்டும். அதே ஏற்றத்தை எங்கள் கடைசிக் கதிரைத் தம்பி செய்தால் கட்டுவேன். அவர் எதற்கும் ஏற்றுவார்.

அறிகுறி: ஜக்கும் ஒன்பதும் வந்தால் கை தாளை வைக்கமாட்டேன் என்கிறது

இந்த நோய் 304 விளையாடிப் பழகினவர்களுக்கே உரியது. எந்தப் போக்கர் வழிகாட்டியிலும் தேடிப் பாருங்கள், கிடையாது.

304 இல் ஜக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2, எட்டும் ஏழும் சைபர். ஒரு சின்னத்துக்கு 76, நாலுக்கும் 304. பெயரே அந்தக் கணக்கு. ஒரே சின்னத்தில் ஜக்கும் ஒன்பதும் வந்தால் 76 இல் 50 கைக்குள். சின்ன வயதிலிருந்து அதைக் கண்டால் நெஞ்சு இடிக்கப் பழகின ஆட்கள் நாங்கள். ஹோல்டம் மேசையிலும் அந்த நெஞ்சு இடிக்கத்தான் செய்கிறது, ஆனால் இங்கே ஜக்குக்கு மேலே குயின், கிங், ஏஸ் மூன்றும் இருக்கின்றன. பிளொப்பில் ஒரு ஜக் விழுந்து உங்களுக்குச் சோடி சேர்ந்தாலும், கிங்-ஜக் வைத்திருப்பவரிடமும் ஏஸ்-ஜக் வைத்திருப்பவரிடமும் அது அடிவாங்கும். அவர்கள்தான் கொட்டை கட்டி நிற்பார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஏஸ்-குயின் வந்தால் எங்கள் ஆட்கள் முகம் சுழிப்பார்கள். 11 உம் 2 உம் 13 தானே! ஒருத்தர் ஏஸ்-குயினை வைத்துவிட்டு அடுத்த கையில் ஜக்-ஒன்பதுக்கு 30 கொட்டை கட்டியதைக் கொப்பியில் எழுதியிருக்கிறேன். பெயர் வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் கூடவே வருகிறது. 304 இல் 32 தாளும் ஆளுக்கு எட்டாகப் பிரிந்து எல்லாம் ஆட்டத்துக்கு வரும். எது போனது, எது நிற்கிறது என்று எண்ணலாம். அதனால் "இன்னும் ஒரு ஜக் வெளியில நிக்குது, வரும்" என்ற நினைப்பு விடாது. ஹோல்டமில் ஆறு பேருக்கு 12 தாள், நடுவில் 5, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் கவிழ்த்து ஒதுக்குவது 3, ஆக 20. மிச்சம் 32 தாள், அதாவது ஒரு முழு 304 கட்டு, யாரும் பாராமலே கை முடிந்துவிடும். உங்கள் ஜக் அதற்குள் படுத்திருக்கலாம்.

திருத்தம்: ஜக்-ஒன்பதை முழுதாகத் தள்ளவும் வேண்டாம். டீலருக்குரிய கடைசி இடத்தில் நீங்கள் இருந்து, முன்னால் யாரும் ஏற்றாமல், 2 கொட்டைக்குப் பிளொப் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். மற்றபடி வைத்துவிடுங்கள். வீட்டுக்கார அண்ணை தாள்பெட்டி மூடியின் உட்பக்கத்தில் பேனாவால் "இது 304 இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறார். ஓரளவு வேலை செய்கிறது.

அறிகுறி: இரவு முழுக்கத் தாளே வரவில்லை

பெரும்பாலும் இதில் பழுதே இல்லை. நாங்கள் கதைத்து, வடை தின்று, சண்டை பிடித்து மணித்தியாலத்துக்கு ஒரு இருபது கை விளையாடுவோம். நாலு மணித்தியாலத்துக்கு 80 கை. ஏஸ் சோடி வருவது 221 கைக்கு ஒருக்கா. அப்படிப் பார்த்தால் பத்து இரவில் ஏழு இரவு அதைக் காணாமலே வீட்டுக்குப் போவீர்கள். ஏதாவது ஒரு சோடி 17 கைக்கு ஒன்று. சோடி வந்தாலும் பிளொப்பில் அது மூன்றாகச் சேர்வது எட்டு அல்லது ஒன்பது தரத்துக்கு ஒரு தரம். ஏஸ்-கிங்கும் மூன்றில் இரண்டு பிளொப்பில் ஒன்றும் சேராமல் வெறுங்கையாக நிற்கும்.

தாள் வராத நேரத்தில் கை சும்மா இருக்காது, அங்கேதான் பழுது தொடங்கும். "கன நேரம் வைச்சிட்டன், இதையாவது விளையாடுவம்" என்று குயின்-நாலோடு உள்ளே போவது. தாள் வராத மணித்தியாலத்தில் மற்றவர்களைப் பாருங்கள். எங்கள் தம்பிக்கு நல்ல கை வந்தால் மிக்சர் கிண்ணத்துக்குக் கை போகாது. அதைக் கண்டுபிடித்தது நான் தொடர்ந்து முப்பது கை தாளை வைத்த ஒரு இரவில். அவருக்கு இன்னும் தெரியாது.

அறிகுறி: பிளஷ் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவேயில்லை

ஒரே சின்னத்தில் நாலு கிடக்கிறது, ஐந்தாவதற்குக் காத்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத 47 தாளில் அந்தச் சின்னம் 9. அடுத்த தாளில் வர நூற்றுக்கு 19, இரண்டு தாளும் பார்த்தால் 35. மனதுக்குள் கணக்குப் போட ஒரு குறுக்கு வழி: உதவுகிற தாள்களை எண்ணி, ஒரு தாள்தான் வரவிருந்தால் இரண்டால் பெருக்குங்கள், இரண்டு தாளையும் கட்டாயம் பார்ப்பீர்கள் என்றால் நாலால். கிட்டத்தட்டச் சரியாக வரும்.

இனி விலை. குவியலில் 40, எதிராளி 20 வைக்கிறார். நீங்கள் 20 கட்டினால் மொத்தம் 80, அதில் உங்களுடையது 20, கால்வாசி. ஆகவே நூற்றுக்கு 25 தரமாவது வெல்லவேண்டும். அடுத்த தாளுக்கு மட்டும் 19 என்றால் விலை கொஞ்சம் கூட. பிளஷ் விழுந்தபிறகும் அவர் கட்டுகிற ஆளாக இருந்தால் அந்தக் குறை நிரம்பிவிடும். அப்படியான ஆள் எந்த விறாந்தையிலும் ஒருவர் இருப்பார். அவர் தன்னிடமுள்ள கடைசி 20 ஐயும் வைத்துவிட்டார் என்றால் மேலும் கட்டாமல் இரண்டு தாளும் பார்ப்பீர்கள், 35 வீதம், தாராளமாகக் கட்டலாம். ஐந்து-ஆறு-எட்டு-ஒன்பது வைத்துக்கொண்டு நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ரெயிற்றுக்கு (ஐந்து தாள் வரிசையாக வருவது) ஒரு ஏழைத் தேடுவது வேறு கதை. நாலே தாள், அடுத்ததில் வர எட்டு ஒன்பது வீதம். அதே விலைக்கு வாங்கவே கூடாது.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு பிடி முருங்கைக்காய்க்குப் பத்து நிமிடம் விலை பேசுகிற மனிதர்கள், இங்கே விலை கேட்காமலே வாங்குகிறார்கள். எனக்கு இன்றுவரை விளங்காத விசயம்.

அறிகுறி: வெறுங்கையோடு ஏமாற்ற வெளிக்கிட்டால் எப்போதும் பிடிபடுகிறேன்

2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் போக்கர் உலகத் தொடரின் பிரதான போட்டியை வென்றார். கடைசி இருவர் ஆட்டத்தில் சாம் பார்ஹா என்ற தொழில்முறை ஆட்டக்காரரிடம் ஒன்பதில் ஒரு சோடி இருந்தது. மணிமேக்கரிடம் கிங்கும் ஏழும், ஒன்றும் சேராத கை. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். பார்ஹா நீண்ட நேரம் யோசித்துத் தாளை வைத்துவிட்டார். அந்தக் காட்சியைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு எங்கள் மேசைக்கு வந்து அதையே செய்தவர்கள் மூன்று பேர். மூவரும் பிடிபட்டார்கள்.

காரணம் எளிது. பார்ஹாவுக்கு யோசிக்கத் தெரியும். "இவனிடம் என்ன இருக்கும்" என்று கேட்டுப் பார்த்துத் தாளை வைத்தார். எங்கள் அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "பாப்பம், என்னதான் வைச்சிருக்கிறாய்" என்று நாலில் ஒரு சோடியோடு கட்டுவார். தாளை வைக்கத் தெரியாதவரிடம் ஏமாற்று எடுபடாது. சின்னக் காசு மேசையில் ஏமாற்றைக் குறைத்து, நல்ல கை இருக்கும்போது பெரிதாக வையுங்கள். அண்ணை அதற்கும் கட்டுவார்.

அறிகுறி: றிவரில் அடி வாங்கினால் பிறகு ஒன்றும் சரிவராது

என்னிடம் இரண்டு பத்து. பிளொப் பத்து, ஏழு, இரண்டு, மூன்றும் மூன்று சின்னம். தம்பியிடம் கிங் சோடி. இருவரும் இருந்ததெல்லாம் உள்ளே தள்ளினோம். அவரைக் காப்பாற்ற இருந்தது இரண்டே கிங், நூற்றுக்கு எட்டு ஒன்பது வாய்ப்பு. ரேர்னில் குயின். றிவரில் ஆட்டின் (இதயக் குறி) கிங், மேசையில் வைத்த விதமே எனக்கு நக்கலாகத் தெரிந்தது.

தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சுத்தமானது: நான் மேலே இருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைய கொப்பிப் பக்கத்தில் இரண்டு வரி இருக்கிறது. "கிங் வந்தது: 160 கொட்டை. அதுக்குப் பிறகு: 200 கொட்டை." திரும்ப வாங்கிய 200 ஐயும் நாலே கையில் தம்பியை மடக்கவென்றே விட்டேன். கிங் எடுத்தது 160 தான். பெரிய தொகையை எடுத்தது நான்.

இந்தக் கோபம் வருவதைத் தடுக்கமுடியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். கை குளிர்ந்து காது சுடுவது உடம்பு செய்கிற வேலை. செய்யக்கூடியது கதிரையை விட்டு எழும்புவது. எங்கள் வீட்டு விதி: பெரிய அடி வாங்கினவர் ஒரு முழுச் சுற்று எழும்பி இருக்கவேண்டும். பின்வளவுக் கிணற்றடியில் ஒரு வாளி அள்ளி முகம் கழுவிவிட்டு வரலாம். ஆறு கை போகும். பிளைன்டையும் கட்டிவிட்டு எழும்பினால் நட்டம் 3 கொட்டை. திரும்ப வாங்குவது அதற்குப் பிறகுதான். விதியைக் கொண்டுவந்தது வாத்தியார். முதலில் எதிர்த்தது யார் என்று ஊகித்திருப்பீர்கள்.

ஒரு கிளை அறிகுறி: அடி வாங்கின பிறகு பயந்து, நல்ல கையையும் வைத்துவிடுவது. இதுவும் அதே நோய்தான், சத்தம் போடாது. மருந்தும் அதே கிணறு.

அறிகுறி: எப்போதும் ஒரே ஆளுக்குத்தான் நல்ல தாள் போகிறது

சிரிக்காமல் முதலில் தாளைப் பாருங்கள். நாங்கள் எல்லாரும் கையில் வைத்து மேலிருந்து கீழே கொத்துக் கொத்தாகத் தள்ளித்தான் கலைப்போம். அதில் முந்தைய கையின் சோடிகள் ஒட்டிக்கொண்டே திரும்ப வரும். கட்டை இரண்டாகப் பிரித்து விளிம்புகளைச் சரசரவென்று கோர்க்கிற முறையில் ஏழு தரம் கலைத்தால் 52 தாளும் போதியளவு கலையும் என்று 1992 இல் டேவ் பேயர், பேர்சி டயக்கோனிஸ் என்ற கணிதவியலாளர்கள் காட்டினார்கள். அது வராதவர்கள் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு கையாலும் ஒரு நிமிடம் அளைந்துவிட்டுச் சேர்க்கலாம். சேர்த்தபின் கலைத்தவரல்லாத ஒருவர் வெட்டவேண்டும்.

பிறகு தாளின் முதுகு. கடதாசித் தாள் எங்கள் வெக்கைக்கு வளையும், வியர்வை பிடிக்கும். எங்கள் கட்டில் ஸ்கோப்பன் ஏஸின் முதுகில், மூலையில், வடை எண்ணெய்ப் பொட்டு ஒன்று இருந்தது. மூன்று மாதமாக ஐந்து பேருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது. இப்போது பிளாஸ்டிக் தாள், வடை தனித் தட்டில்.

அறிகுறி: கடன் வாங்கி விளையாடத் தோன்றுகிறது

இது தாளின் பழுதல்ல, இந்தக் கொப்பிக்குள் திருத்தமும் இல்லை. சேமிப்புச் சீட்டுக்குக் கட்டுகிற காசு, நகை அடகு வைத்த காசு, பிள்ளையின் ரியூசன் காசு எதுவும் மேசைக்கு வரக்கூடாது. வந்தால் விளையாட்டை நிறுத்துங்கள்; நிறுத்த முடியவில்லை என்றால் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கடன் கொட்டை கொடுப்பதில்லை. கேட்டவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம், அன்று 304 க்கு மாறினோம்.

அறிகுறி: வெல்கிறேன், ஆனால் அடுத்த சனிக்கிழமை கூப்பிடுகிறார்கள் இல்லை

ஒவ்வொரு கைக்கும் மூன்று நிமிடம் முகவாயைத் தடவி யோசிக்கிறீர்களா? தோற்றவரிடம் "நீங்கள் அதைக் கட்டியிருக்கக்கூடாது, உங்களுக்கு வாய்ப்பு எட்டு வீதம்தான்" என்று விளக்குகிறீர்களா? அந்த எட்டு வீதத்துக்குக் கட்டுகிறவரால்தான் உங்கள் கொட்டை பெருகுகிறது. அவருக்குப் பாடம் எடுத்தால் ஒன்றில் திருந்திவிடுவார், இல்லையென்றால் வராமல் விட்டுவிடுவார். அண்ணை எனக்கு எதிராக நாலில் ஒரு சோடியோடு கட்டி வென்ற இரவில் நான் சொன்னது "நல்லாப் பிடிச்சீங்கள் அண்ணை" மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

வென்ற இரவில் கொத்துரொட்டி வாங்கப் போகிறவர் நீங்களாக இருங்கள். ஆறு கோழிக்கொத்து, ஒன்றுக்கு உறைப்புக் குறைய. அது வாத்தியாருக்கு, அவருக்கு அல்சர்.